கட்டைவிரல் மீன்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், ஓவியம்.
ஜூனில் வரவேண்டிய வண்ணப்பெட்டி
நடுவட்டத்துக்கு இன்னும் ஏறி வரவில்லை.
ஆபீஸ் மேசையில் கிடந்த
நீல ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு போனேன்.

அயர்லாந்து என்று ஒரு தீவு, என்றேன்,
இங்கே மாதிரியே மழை, இங்கே மாதிரியே குளிர்.
"உருளைக்கிழங்கு போடுவாங்களா?" என்றான் போஜராஜ்.
போடுவாங்க.
"கருகல் நோய் வருமா?"
வந்தது. ரொம்ப மோசமாக வந்தது.
பக்கத்துத் தோட்டத்துக்காரர் கஷ்டம் கேட்டவன்போல்
உச்சுக்கொட்டி உட்கார்ந்தான்.

அந்த ஊர் ஆற்றில் ஒரு மீன்.
உலகத்து அறிவெல்லாம் அதன் சதையில்.
ஏழு வருஷம் தூண்டிலோடு காத்திருந்த புலவர்
ஒருநாள் பிடித்தேவிட்டார்.
சுடச் சொல்லி ஒரு பையனிடம் கொடுத்தார்,
ஒரு துணுக்குகூட வாயில் போடாதே என்று.
தோலில் கொப்புளம் ஒன்று எழும்பியது.
பையன் கட்டைவிரலால் அமுக்கினான்.
சுட்டது. சட்டென்று வாயில் வைத்தான்.
அவ்வளவுதான்,
எல்லாம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"பதினாறாம் வாய்ப்பாடுமா?"
அதுவும்.
"புலவர் அடிச்சாரா டீச்சர்?"
இல்லை, மிச்ச மீனையும் நீயே தின்னு என்றார்.
இதை மட்டும் வகுப்பு நம்பவில்லை.

மூடுபனி ஜன்னல் கம்பியைத் தாண்டி
முதல் பெஞ்சுவரை வந்துவிட, லைட்டைப் போட்டோம்.
பழைய காலண்டர் தாள்களைச் சோற்றுப்பசையில் ஒட்டி
ஐந்தடிக்கு ஒரு மீன், தரையில்.
தாளின் அந்தப் பக்கத்து முருகன்
வேலோடு கவிழ்ந்து படுத்திருந்தார்.
ஆளுக்குப் பத்துச் செதில்.
மையில் ஒற்று, அழுத்து, எடு.

டெல்வின் மைவிரலை வாயில் வைத்தான்.
என்னடா தெரிஞ்சது?
"கசக்குது."

யோகமலர் மட்டும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.
"கைநாட்டு வைக்கக் கூடாதுன்னுதான்
அம்மா என்னை இங்க அனுப்புறாங்க."
இது சும்மா விளையாட்டுக்கு, என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது
நான் சொன்னது.

அவள் வால் பக்கம் குனிந்தாள்.
பென்சிலைக் கூராக்கி
செதில் செதிலாய்த் தன் பெயரை எழுதினாள்,
இனிஷியலோடு.
நாலாவது செதிலில் நிமிர்ந்து கேட்டாள்:
"ரேஷன் கடை மெஷின்ல
எங்கம்மா விரல் விழாது டீச்சர்.
கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை போயிடுச்சாம்.
மூணு தடவை துடைச்சு வச்சும் சிவப்பு லைட்டுதான்.
அந்தப் பையனுக்குச் சுட்டுச்சே,
அவனுக்கு விழுமா?"

கதையில் அது இல்லை.
யாருக்காவது தெரியுமா என்று
வகுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
போஜராஜ் கண்ணை மட்டும் இன்னும் வைக்கவில்லை என்றான்.
கண் யார் வைப்பது என்ற சண்டையில்
பெல் அடித்துவிட்டது.

காற்றில் சுருளாமல் இருக்க
நாலு மூலைக்கும் நாலு செருப்பு வைத்திருந்தோம்.
அவரவர் செருப்பை அவரவர் இழுத்துக்கொண்டு
லயன் வீடுகளின் பக்கம் இறங்கினார்கள்.
மீன் மெல்லச் சுருண்டது,
கண் இல்லாமலே.

கதவைச் சாத்திவிட்டு
நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.
கசக்கத்தான் செய்கிறது.