கை எண்ணியவள்

மண்டபத்தின் இடப்பக்கத்தை என்னிடம் தந்தார்கள்.
நாலு வரிசை, ஐம்பத்திரண்டு நாற்காலி,
ஒரு பென்சில், ஒரு துண்டுத்தாள்.
பிரஜாவுரிமை கிடைத்து ஏழாம் மாதம்.
கை எண்ண ஆள் வேண்டுமென்றபோது
வாசலுக்குக் கிட்ட இருந்தவள் நான், அவ்வளவுதான்.

விஷயம் இது:
எங்கள் ஹின்டர்ரீட்டுக்குக் கடைசி பஸ்
மாலை ஏழு நாற்பத்திரண்டுக்கு.
அதைப் பதினொரு மணிவரை நீட்டலாமா,
ஞாயிறும் ஓட்டலாமா.
செலவு வருடம் எண்பத்தாறாயிரம் பிராங்க்.
வரியில் இரண்டு புள்ளி.
சுவரில் விழுந்த வெளிச்சத்தில்
நீலக்கோடு ஒன்று கொஞ்சம் ஏறி நின்றது.

ராப் பஸ்ஸில் எத்தனை பேர் வருவார்கள்?
சராசரி மூன்று தசம் நான்கு, என்றார் கணக்காளர்.
சனம் சிரித்தது.
அந்தத் தசம் நான்கு நானாக இருக்கலாம்.
முதியோர் இல்லச் சமையலறையில்
கடைசித் தட்டும் காய்ந்த பிறகு,
கழுவும் எந்திரத்தின் ஆவி முகத்தில் ஒட்டியபடி
பத்து இருபதுக்கு வெளியே வருகிற
முழு ஆளாய் மிஞ்சாத ஒருத்தி.

பிளேசர் எழுந்தார். தொப்பி கையில்.
பஸ் திரும்ப ஒரு வளைவு வேண்டும்,
வளைவுக்கு என் புல்தரையில் பதினாலு மீட்டர் வேண்டும்.
கொடுக்கிறேன் என்றே வையுங்கள்.
வெறும் பஸ் ஒன்று
மணிக்கு ஒருதரம் என் தொழுவத்துக்கு
வெளிச்சம் அடித்துவிட்டுப் போகும்.
மாடு எப்போது படுக்கும்?

இப்போது யாரும் சிரிக்கவில்லை.
அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.
அதுதான் தொல்லை.

பிறகு மலீன், தச்சுப் பட்டறையில் பயிலும் பெண்:
போன மாதம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தேன்.
ஒரு கார் எனக்குப் பக்கத்தில் மெதுவாகியது.
ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டது.
அந்த மெதுவாகியதை
உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

கணக்காளர் தாளைப் புரட்டினார்.
அதில் இன்னொன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.
ஐந்து வருடமாக என்னை வீட்டில் இறக்குகிற
ஹான்ஸ்ருவேடியின் பழைய சுபாரு அதில் இல்லை.
மனைவியைப் பார்க்க இல்லத்துக்கு வருவார்,
போகிற வழிதானே, ஏறு என்பார்.
மார்ச்சில் அவள் போய்விட்டாள்.
ஏப்ரலிலும் பத்து இருபதுக்கு
எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றார்.
பெட்ரோலுக்குக் காசு நீட்டினால்
கண்ணாடியை மேலே ஏற்றிவிடுவார்.
அதனால்தான் அந்தத் தாளில்
எங்கள் சாலையின் இராத் தேவை பூச்சியம்.

பஸ் வந்தால் யாருக்கும் கடன்படாமல் வீடு சேர்வேன்.
பஸ் வந்தால் அவருக்கு
இரவில் சாவியை எடுக்க ஒரு காரணம் இராது.
இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது?
எடைக்கல்லே வேறு வேறு.

ஆதரிப்பவர்கள்.
கைகள் எழுந்தன. வரிசைக்குள் நடந்தேன்,
உதடசையாமல் தமிழில் எண்ணினேன்,
எனக்குப் பிழைக்காத மொழி அதுதான்.
பத்தொன்பது. இருபது.
மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு கை
காதுவரை வந்து நின்றிருந்தது.
தலை சொறிகிற உயரம்.
விதிப்படி கேட்க வேண்டும், கேட்டேன்:
இது வாக்கா?
ஹான்ஸ்ருவேடி என்னைப் பார்க்கவில்லை.
எண்ணு, என்றார்.

இருபத்தொன்று.
தாளைக் கொடுக்கப் போகையில்தான் நினைவு வந்தது.
பென்சில் பிடித்த கையை நானே உயர்த்தி
நானே எண்ணினேன்.

இரண்டு வருடத்துக்குச் சோதனை ஓட்டம்.
நாலு கையால் தப்பியது.
வளைவு பிளேசரின் தொழுவத்துக்கு அப்பால் தள்ளி வரும்,
அதற்கு இன்னும் பன்னிரண்டாயிரம்.
முணுமுணுத்தபடி நாற்காலிகளை மடித்தார்கள்.

மறுநாள் பத்து இருபது. மழை.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ஏறினேன். பெல்ட்டை இழுத்தேன்.
வட்டச்சந்தி தாண்டும்வரை அவர் ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு சொன்னார்:
புது அட்டவணை டிசம்பரில்தான்.
அதுவரை வழிதானே.