கையைக் கீழே இறக்குங்கள்

கிளாருஸ். மே மாதத்து முதல் ஞாயிறு.
சதுக்கத்தில் மரப்பலகை வளையம்.
உள்ளே போக வாக்கு அட்டை வேண்டும்.
என்னிடம் இருப்பது
தொலைக்காட்சி நிலையத்தின் கழுத்துப்பட்டி.
அதுவும் உள்ளே விடும்.

மூன்று மீட்டர்க் கம்பு,
நுனியில் ரோமம் போர்த்த ஒலிவாங்கி.
பேசுகிறவரின் நெற்றிக்கு மேலே,
படத்துக்குள் விழாமல் பிடித்திருப்பது என் வேலை.
பதினோரு வருடம். தோள் பழகிவிட்டது.

மழை.
ஒன்பதாம் பிரேரணை:
எல்ம் பள்ளத்தாக்குக்கான கடைசிப் பேருந்தை நிறுத்துவது.
ஹான்ஸ்யோர்க் ட்சோப்பி ஏறினார், முழங்கினார்,
கமராவைத் தேடிக் கண்டுபிடித்து
அதைப் பார்த்தே முடித்தார்.

அடுத்தது ரெகுலா ரைனர், பால்பண்ணைக்காரி.
அவள் காகிதத்தில் மை கரைந்திருந்தது.
"இரவு வேலை முடிந்து என் மகன்..." என்றாள்.
பிறகு ஒன்றுமில்லை.
பத்தொன்பது விநாடி.
காதுக்கருவிக்குள் நான் கேட்டது
ஆயிரக்கணக்கான குடைகளில் மழை,
ஒருத்தரும் இருமாமல் காத்திருப்பது,
அவள் எச்சில் விழுங்குவது.
"அவ்வளவுதான்" என்று இறங்கிவிட்டாள்.

"குடைகளை மடக்குங்கள்."
அட்டைகள் எழுந்தன.
இங்கே எண்ணுவதில்லை.
தலைவர் மேடையில் நின்று கண்ணால் நிறுப்பார்.
அப்போதுதான் ஒழுங்காளர் ஒருவர்
என் முழங்கையைத் தொட்டார்,
மரியாதையாகத்தான்:
"கையைக் கீழே இறக்குங்கள்.
உங்களுடையதும் சேர்ந்துவிடப் போகிறது."
இறக்கினேன். ரோமம் சேற்றில் தோய்ந்தது.
எந்தப் பக்கத்துக்கு என்று
அவர் கேட்கவில்லை.

தலைவர் இரண்டு தரம் பார்த்தார்,
மூன்றாம் தரமும் பார்த்தார்.
பேருந்து தப்பியது.

மாலை, படத்தொகுப்பு வண்டிக்குள்
நாட்யாவுக்கு நாற்பது விநாடிதான் இடம்.
ட்சோப்பி முழுசாக உள்ளே.
"இந்தப் பொம்பிளை ஒன்றுமே சொல்லவில்லையே."
ஒலியைக் கூட்டிக் கேள் என்றேன்.
கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை.
"இது வெறும் மழை, சிவரூபன்."
வெட்டினாள்.

செய்தி பார்த்தவர்களுக்கு
வென்றவர்கள் எதைக் கேட்டு வென்றார்கள் என்று
விளங்கவே போவதில்லை.
அடுத்த தடவை
எல்லோரும் முழங்கத்தான் போகிறார்கள்.

ஷ்வாண்டனில் கடைசிப் பேருந்து.
என்னோடு நான்கு பேர்.
சாரதிக்குப் பின்னால் சின்னத் திரை, சத்தமில்லாமல்
ட்சோப்பியின் வாய் திறந்து மூடியது,
திறந்து மூடியது.
ஒரு பெடியன் பேக்கரிச் சீருடையோடு
கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினான்.
அவள் மகனாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

வளைவில் பேருந்து சரிந்தபோது
வலது கை தன்பாட்டில் மேலே போய்
பட்டியைப் பிடித்தது.