இருபத்தைந்து ரூபாய்

தானே புயல் அடித்த ராத்திரி
குட்டி ஆல்பம் இரண்டையும்
கல்யாணச் சீர் குக்கருக்குள் வைத்து
காஸ்கெட் மாட்டி மூடினேன்.
வெயிட்டும் போட்டேன்.
கூரைத் தகடு பறந்தது,
கொல்லை முருங்கை படுத்துவிட்டது,
ராஜாவுக்கு ஒரு சொட்டு ஈரமில்லை.

காலணா, அரையணா எனக்கு வேண்டாம்.
நலம் நலமறிய ஆவல் என்று
எல்லா வீட்டு எச்சிலிலும் நனைந்தவை அவை.
பெரிய தொகைதான் என் பைத்தியம்.
ஐந்து. பத்து. பதினைந்து.
தபால்காரர் மாதமெல்லாம் நடந்தாலும்
கைக்கு வராத காசை
ஒரே காகிதத்தில் ஒட்டி
எதை அனுப்பினார்கள், யாருக்கு?

திருப்பாதிரிப்புலியூரில்
நகைக்கடன் கம்பெனிக் கல்லாவில் இருப்பவள் நான்.
ஒரு நாளில் என் விரல் எண்ணும் பணம்
என் ஆயுசுக்கும் எனக்கு வராது.
அதனால் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

சீட்டு எடுத்த மாதம்
புதுச்சேரி ஞாயிறு சந்தையில்
ஜீன்ஸ் குவியலுக்கும் செல்போன் உறைகளுக்கும் நடுவே
நைனா மரைக்காயர்
சட்டைக்குள்ளிருந்து எடுத்தார்.
நீலமும் ஆரஞ்சுமாய்த் தாடிக்கார ராஜா.
இருபத்தைந்து ரூபாய்.
மூலையில் பாதி வட்டம்:
கடலூர் என்.டி.
என் ஊர்.

"முப்பத்தெட்டு" என்றார்.
ஆயிரம் என்று சொல்லவில்லை,
இந்த வியாபாரத்தில் யாரும் சொல்வதில்லை.

இடுக்கியில் பிடித்து, லென்சில் பல் எண்ணினேன்.
பதினாலு. சரி.
பஸ்ஸில் கைப்பையைத் திறக்கவே இல்லை.
ஆல்பேட்டை செக்போஸ்டில்
பாட்டில் தேடி ஏறிய போலீஸ்
என் முகத்தருகே கொஞ்சம் நின்றார்.

திங்கட்கிழமை கணக்கு முடித்து
ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில்
சும்மாதான் காட்டினேன்.

ராஜாவின் கன்னத்தில்
மெதுவாக ஏறியது ஒரு கட்டைவிரல்.
சுழி சுழியாய், வலப்பக்கம் சாய்ந்து.
அதன் கீழே, பல் வெட்டிய விளிம்பில்
கழுவியும் போகாத எழுத்து:
ம்மாள் கைநா

தபாலில் போகவே இல்லை இது.
ஏதோ கச்சேரிக் காகிதத்தில்
ஒருத்தி விரலுக்கடியில் இருந்திருக்கிறது.
ஊறவைத்து, மருந்திட்டு வெளுத்து
என் ஊர்ப் பெயரை மேலே
எவனோ குத்தியிருக்கிறான்.

பெயரின் தலை காகிதத்தோடு போயிற்று.
செங்கமலத்தம்மாளோ, அலமேலம்மாளோ,
எதை எழுதிக் கொடுத்தாள்?
உப்பளமா, கிணற்றில் பாதியா,
இருந்ததெல்லாமா?

அடுத்த ஞாயிறு விளக்கோடு போனேன்.
துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
மரைக்காயர் வாதாடவில்லை.
"நானும் ஏமாந்துதாம்மா வாங்கினேன்."
முழுப் பணமும் எண்ணிக் கொடுத்தார்.
ஓர் ஐந்நூறு கிழிசல், அதையும் மாற்றினார்.
ஜெயித்த களிப்பில்
ரங்கப்பிள்ளை வீதித் தபாலாபீஸ் பக்கம்
நின்று பாதாம்பால் குடித்தேன்.

புதன்கிழமை ஒருத்தி வந்தாள்.
தோடு, ஒற்றைச் சரடு, பதினோரு கிராம்.
கையெழுத்து வராது என்றாள்.
அவள் விரலைப் பிடித்து
மையில் உருட்டி, படிவத்தில் உருட்டினேன்,
தினமும் செய்வதுதான்.
துடைக்கத் துணி கேட்டாள்.
எங்களிடம் துணி இல்லை.
தலைமயிரில் தேய்த்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் ஞாயிறு மறுபடியும் போனேன்.
"அந்தக் கழுவினது இருக்கா?
மூவாயிரம் தரேன்."

"வித்தாச்சேம்மா."

"கழுவினதுன்னு சொன்னீங்களா?"

மரைக்காயர் பக்கத்துக் கடை ஜீன்ஸ் ஒன்று சரிந்ததை
எழுந்துபோய் அடுக்கிவிட்டு வந்தார்.

"எவ்வளவுக்கு?"

"நாற்பத்தொண்ணு" என்றார்.
ஆயிரம் என்று சொல்லவில்லை.