அட்டவணைக்கு வெளியே

ரீகாவில் பிப்ரவரி. டௌகவா ஆறு உறைந்து கிடக்கிறது.
வெந்நீர்க் குழாய் முனகும் இரண்டாம் மாடி அறையில்
மனிதர்களை எண்களாக்கிக்கொண்டிருக்கிறேன்.
வயது. சிறுநீரகம். எந்த வால்வு. எந்தக் கிருமி.
அதன் மேல் முளைத்திருப்பது எத்தனை மில்லிமீட்டர்.
அந்த முளைக்கு மருத்துவர்கள் தாவரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.
வேர் இல்லை, வெயில் வேண்டாம், ரத்தம் போதும்.
கடைசிக் கட்டம், முப்பதாம் நாள்:
இருந்தால் ஒன்று,
இல்லாவிட்டால் சுழியம்.

நாற்பத்தொன்றாம் வரிசை இமான்த்ஸ், அறுபத்தாறு,
கோல்காவில் மீனுக்குப் புகை போடுகிறவர்.
ஒரு சொத்தைப் பல்லில் தொடங்கியிருக்கிறது.
வந்தபோது ரத்தமெல்லாம் கிருமி,
அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க இரண்டு மருந்து பம்புகள்,
நகக்கண்கள் நாவல் நிறம்.
இப்போது கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடலாம்
என்றார் மயக்க மருந்து கொடுப்பவர்.
வைக்காவிட்டால் கட்டிலில் போவார்
என்றார் மைகா, கையுறையை இழுத்துவிட்டபடி.

ஏழு மணி நேரம்.
முப்பதாம் நாள் அழைத்தேன்.
"யாரு, கணக்குக்காரியா?
கால் விரல் இரண்டு கருத்துப்போச்சு, எடுத்துட்டாங்க.
புகைக்கூடத்து ஏணியில் இப்ப மகன் ஏறுறான்.
மீனையெல்லாம் கருக்குறான்."
கருகிய மீனுக்குக் கட்டம் இல்லை.
ஒன்று என்று போட்டேன்.

வெல்டாவுக்கு வரிசையே இல்லை.
டிராம் ஓட்டுநர், நாற்பத்தொன்பது வயது.
ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கப் போனபோது கேட்டாள்,
என் கதவு எந்தப் பக்கம் மூடவில்லை என்று.
தாளின் பின்புறம் வரைந்து காட்டினேன்.
இருபது வருடமாகக்
கதவு மூடிய மணி கேட்காமல் பிரேக்கை விட்டதில்லையாம்.
சொல்லிவிட்டு இருமினாள்,
வரைந்ததை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கட்டும் என்று எழுதினார்கள், வியாழக்கிழமை.
லாக்டேட் இறங்கட்டும், வெள்ளி.
சனிக்கிழமை அந்த முளையிலிருந்து ஒரு துணுக்கு கழன்று
மூளைக்குப் போனது.
ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.
ஞாயிறு விடிவதற்குள் முடிவாகிவிட்டது,
யாரும் எடுக்காமலே.

அறுவை நடக்கவில்லை,
ஆகவே அறுவையின் விளைவும் இல்லை.
இந்த ஆண்டு என் அட்டவணை பார்க்க நன்றாகவே இருக்கிறது:
ரத்தத்தில் கிருமியோடு மேசைக்கு வந்த முப்பத்தெட்டுப் பேரில்
இருபத்தொன்பது ஒன்றுகள்.

மைகா தாளை நெடுநேரம் பார்த்தார்.
காத்திருந்து செத்தவர்கள் எங்கே?
அவர்கள் உங்கள் மேசைக்கு வரவில்லையே, டாக்டர்.
வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

நான் பேசாமல் இருந்தேன்.
அந்த வியாழக்கிழமைக் கையெழுத்து அவருடையது.
அதற்கு முந்தைய வாரம் அடுத்தடுத்து இரண்டு சுழியங்கள்,
இரண்டையும் போட்டவள் நான்,
பெரிய திரையில் எல்லோருக்கும் காட்டியவளும் நான்.
இமான்த்ஸ் வந்தது
வெல்டா போய்ப் பதினோராம் நாள்.

இன்று புதிதாக ஒரு தாள் திறந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.
முதல் வரிசை. பெயர். வயது.
காத்த நாட்கள் மூன்று.
காக்கச் சொன்னது யார் என்ற கட்டத்தில்
முதலில் மைகா என்று எழுதினேன்.
பிறகு, கட்டம் சிறியதுதான், என்றாலும்
அந்தப் பெயருக்கு அருகில்
என் பெயரையும் நெருக்கி எழுதினேன்.

கீழே டிராம் நிற்கிறது.
பனியில் கதவு சிக்கியிருக்க வேண்டும்,
திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது.
இன்னும் மணி அடிக்கவில்லை.