மேடையைக் கடக்கும் நேரம்

மூன்று அங்கம், இரண்டரை மணி நேரம்,
ஆடுவதற்கென்றே எழுதிய இசை.
கோத்தகிரியில் அதற்கு ஆடுகிறவர் யாருமில்லை.
இருப்பது இருபத்தொரு பேர்,
இரவல் வாங்கிய ஒரு டிம்பனி,
பள்ளிக்கூட ஹாலில் ஒன்பது மணிவரை அனுமதி.

வெட்டினேன்.
கூட்டுறவு வங்கியில் பேரேடு சரிபார்க்கும் அதே பென்சிலால்.
இருபத்தெட்டு நிமிடம், ஆறு துண்டு.
மாவு மில்காரன் மகள் கடைசியில் சாகவேண்டியவள்.
சத்தமாக முடித்தால்தான் கை தட்டுவார்கள் என்று
சாவை நாலாவதாக்கி
கல்யாண ஆட்டத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.
செத்தபிறகு கல்யாணம்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஹெப்சிபா கேட்டாள், ஆனால் அதையல்ல.
"என் எட்டு பார் எங்கே?"

கிளாரினெட் தனியாக வரும் இடம்.
அங்கே ஒன்றும் நடப்பதில்லை.
இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு
அந்தப் பெண் ஒரு விளக்கை எடுத்துப்போகிறாள்,
அவ்வளவுதான்.
"நடக்க ஆளில்லை, நடைக்கு எதற்கு இசை?" என்றேன்.
ஃபேக்டரியில் பகல் முழுக்கத்
தேயிலையை முகர்ந்து தரம் பிரிப்பவள்
என்னையும் ஒருமுறை அப்படிப் பார்த்தாள்.

சனிக்கிழமை. ஜன்னல் இடுக்கில் மேகம்.
விரல்நுனி வெட்டிய கையுறைகளோடு வயலின்கள்.
மூன்றாவது துண்டு முடிந்து
அவள் சாவதற்குச் சற்று முன்
கரண்ட் போயிற்று.

தகரக் கூரையில் காற்று. யாரோ இருமினார்கள்.
வாட்ச்மேன் பெள்ளி, தலையில் மஃப்ளர்,
எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு
மேடையின் இடப்பக்கம் ஏறினார்.
ஃப்யூஸ் பெட்டி வலப்பக்கம்.
குறுக்கே போகாமல் வழியில்லை.
அவர் செருப்பை எண்ணத் தொடங்கியிருந்தேன்,
கான்ட்ராபாஸ்காரனின் பழக்கம், சும்மா இருந்தால் எண்ணுவது.
மூன்றாம் அடியில் கிளாரினெட் கேட்டது.

பெள்ளி நின்றார். திரும்பிப் பார்த்தார்.
பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன்,
கொஞ்சம் மெதுவாக நடந்தார்.
முட்டி பிடித்த கால் ஒரு பக்கம் இழுக்க,
விளக்கு ஆட,
எங்கள் நிழல்கள் சுவரில் ஏறி ஏறி இறங்கின.
எட்டு பார் போதவில்லை.
அவள் முதலிலிருந்து எடுத்தாள்.

கரண்ட் வந்தது.
நாற்பது பேரில் ஐந்தாறு பேர் கைதட்டினார்கள்,
கரண்டுக்காகவும் இருக்கலாம்.
நாங்கள் அவளைச் சாகடித்தோம்,
கல்யாணமும் செய்துவைத்தோம்.
ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் மிச்சம்.

நாற்காலிகளை அடுக்கும்போது
ஹெப்சிபா என்னிடம் பேசவில்லை,
ரீடைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.
பூட்டோடு வாசலில் நின்ற பெள்ளிதான்
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"அடுத்த கச்சேரியிலயும் ஃப்யூஸ் போகுமா சார்?"