கயிறு போன துளை

தௌக்கே சொன்னார்: செங்கல்லை எண்ணு.
உடையாதது முப்பது காசு, உடைந்தது குப்பை.
எண்ணினேன். அதுதான் என் வேலை.

பெக்கான் லாலாங்கில் காப்பி பட்டுப்போய்
ரப்பர் இன்னும் இடுப்புயரம் வளராத ஆண்டில்
துரைமார் பாட்டுக் கேட்கக் கட்டிய கூடம்.
கப்பலில் வந்து, ரயிலில் வந்து,
கடைசி ஒன்பது மைல் மாட்டுவண்டியில் வந்து
மிஸ் ஃப்ளோரா டன்ட் மூன்று இரவு பாடினாளாம்.
பியானோவுக்குள் கரையானாம்.
யார் கண்டது.

நான் கண்டது மேற்குச் சுவரில்,
முழங்கால் உயரத்தில் ஒரு துளை.
எலி வளை என்றான் ரஃபிகுல், இயந்திரத்தை நிறுத்தாமல்.
விரலை விட்டேன். வழுவழுப்பு.
வெளிப்பக்க விளிம்பு மட்டும்
கிணற்றுக் கல்போலக் குழிந்திருந்தது.

பங்காக் கயிறு.
உள்ளே துரைமார் தலைக்குமேல் துணி அசைய
வெளியே சாரலில், கால் கட்டைவிரலில் கயிற்றைச் சுற்றி
அங்கப்பன்.
தோட்டத்துப் பழைய பேரேட்டில் இருக்கிறான்:
பங்கா இழுத்த வகையில் இரவுக்கு ஆறு காசு,
தூங்கிய வகையில் பிடித்தம் இரண்டு.

எந்தப் பாட்டுக்குத் தூங்கினாய், அங்கப்பா?

மின்விசிறி வந்தது. கயிறு போனது.
துளையை அடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
லிம் ஆ சூன் படக்கொட்டகை ஆக்கியதும்
டிக்கெட் இல்லாத கண்கள் முறைவைத்துக் குனிந்தன,
ஆளுக்கு ஒரு சண்டைக்காட்சி,
அழுகை வந்தால் அடுத்தவனுக்கு.
ஜப்பான்காரன் அரிசி அடுக்கினான். அப்போது
நிஜமாகவே எலிகள்.
பிறகு சங்கக் கூட்டங்கள்.
கதவைச் சாத்திக்கொண்டு கூலி உயர்வு பேசியதெல்லாம்
பிரட்டுக்கு முன்பே மானேஜர் மேசையில் இருந்தது.
காது வைக்க அவ்வளவு இடம் போதும்.
வைத்தது யார் என்று
இரண்டு குடும்பங்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை;
ஒன்று என்னுடையது.

மூன்றே நாளில் இடம் வெளுத்தது.
பெட்ரோல் நிலையம் வருகிறது.
முழுக்கல் பதினோராயிரத்து நாற்பது.
தேய்ந்த கல் இரண்டாகப் பிளந்ததால் கணக்கில் இல்லை.

ஒரு பாதியை எடுத்துவந்தேன்.
வீட்டுச் சரிவில் காரின் பின்சக்கரத்துக்கு முட்டு.
மழை பெய்தால் அதன் குழியில்
ஒரு மிடறு தண்ணீர் நிற்கிறது.
சுகாதார இலாகா ஆள் விளக்கடித்துப் பார்த்து
கொசு முட்டையிடும், கவிழ்த்து வை,
இல்லையென்றால் சம்மன் என்றார்.

சரி என்றேன்.
இன்னும் கவிழ்க்கவில்லை.