முப்பது சென்டிமீட்டர்

இந்திராநகருக்குக் கடல்
காலை நாலே முக்காலுக்கு வரும்,
டீசல் புகையோடு, பின்வாசல் வழியாக.

மல்பெயிலிருந்து சிராடி வளைவுகளில்
இரவெல்லாம் உருண்டு வந்த தெர்மாகோல் பெட்டிகளை
உமேஷ் இறக்குவான்.
நான் மூடி திறந்து அளப்பேன்.
கையில் மரஸ்கேல். முப்பது சென்டிமீட்டர்.
பின்பக்கம் நீல மையில்
அ. ஷைனி, ஏழு பி.

வஞ்சிரம் என்றால் இரண்டு முறை வைக்க வேண்டும்,
மூக்கிலிருந்து வால் பிளவு வரை.
ஒன்றரை ஸ்கேலுக்குக் குறைந்தால்
பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதுவேன்:
எடுக்கவில்லை. சிறுசு.
மழை மாதம் இரண்டும் வண்டி வராது.
கயிற்றில் வளர்த்த மட்டி விற்போம்,
எனக்குப் பாதி நாள்தான் வேலை.

முன்வாசலில் இதற்கெல்லாம் வேறு சொற்கள்.
கரும்பலகையில் சாக்பீஸ் ஆமை ஒன்று நீந்தும்.
மெனு அட்டையில் படகின் பெயர், வலையின் பெயர்,
பிடித்தவர் பெயர்கூட உண்டு.
அளந்தவன் பெயர் இல்லை. பரவாயில்லை.
நெத்திலி வறுவல் அறுநூற்றிருபது ரூபாய்.

இன்று நண்டுப் பெட்டியில்
ஒருத்தி மல்லாந்து கிடந்தாள்.
வயிற்று மடிப்புக்கு வெளியே
செம்மஞ்சள் நுரையாய்ச் சினை.
உயிர் இருந்தது. ஒரு கால் மட்டும்
மெதுவாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"சினை நண்டு எடுக்க மாட்டோம்" என்றேன்.
"தெரியும்ணா."
"திரும்பக் கடலில் விடணும்."
உமேஷ் நூறடி ரோட்டை
இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.
"எந்தப் பக்கம்ணா?"

எழுதினேன்: எடுக்கவில்லை. சினை.
அதே வண்டியில் அவள் ரசல் மார்க்கெட் போனாள்.
அங்கே சினைக்குத் தனி விலை,
கூடுதலாக.

மதியம் ஆறாம் மேசை நண்டு கேட்டது.
ஏன் இல்லை என்று
ஸுவாலா தன் அழகான ஆங்கிலத்தில் சொன்னான்.
மேசை நெகிழ்ந்தது. ஆமையைப் படம் எடுத்தது.
மத்தி வாங்கியது,
பாதியை மிச்சம் வைத்தது.

இரவு அல்சூர் வீட்டில் வறுத்த வவ்வால் நாலு,
ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும்.
"கூறு நூறு ரூபாதான்" என்றாள் சகாயமேரி,
ஜெயித்த குரலில்.

ஷைனிக்கு நாளை ஜியோமெட்ரி.
ஸ்கேலை வாங்கி மோந்து பார்த்தாள்,
முகம் சுளித்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.
அப்புறம் என்ன தோன்றியதோ,
என் தட்டிலிருந்த மீன்மேல் வைத்தாள்.
"பதினொண்ணு, அப்பா. கருகின வாலைச் சேர்க்காம."

பதிவேடு கடையில் இருந்தது.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.
இன்னும் முள்ளாகாத முள்,
கடித்தபோது தெரியவே இல்லை.